குறை தமிழிலா, நிரலிலா?

‘முகவரியில் தமிழில் வழிப்பெயர் வைத்தால் வலைவழங்கி ஏற்காது, நூல் என்பதை ஆங்கில எழுத்திலேயே எழுதுக’ என்று கணிப்பொறி கற்பிப்பார் ஒருவர் என் பழைய மாணாக்கனுக்கு அறிவுரை கூறினாராம். பிழையைத் தம் நிரலில் வைத்துக்கொண்டு பழியைத் தமிழ்மேற் போடும் இவ்வறியாமையை என்னென்பது!

வழங்கி என்ன மாயமா? 1995-இல் உலாவிக்கென்று தோன்றிய சாவாகிரிப்டு மொழியில் வழங்கி எழுதுவதைப் பரவச் செய்தது, 2009-இல் இரயான் தால் ஆக்கிய நோடு. அதில் ‘கிரியேட்சர்வர்’ என அழைத்து, வேண்டுகை வருங்கால் செய்யத்தக்கதை ஒரு செயற்கூறாக எழுதி, 3000 போன்றதொரு வாயிலெண்ணில் ‘லிசன்’ என்று காத்திருக்கச் செய்தால் வழங்கி அணியம். ‘/’ எனில் முகப்பு, ‘/நூல்’ எனில் நூற்பட்டியல், எதுவும் பொருந்தாவிடின் 404 என்று பிரித்து விடையிறுப்பதே வழிப்படுத்தல்.

பிழை எங்கே? உலாவி ‘நூல்’ என்பதை அப்படியே அனுப்புவதில்லை. கணிப்பொறிக்கு அது 4 குறி, யு.டி.எப்.-8 முறையில் குறிக்கு 3 பைட்டாக 12 பைட்டு. பைட்டுக்கு ஒரு விழுக்காட்டுக் குறியும் ஈரிலக்கமுமாக 36 குறி! அம் முப்பத்தாறையும் ‘நூல்’ என்பதோடு நேரே ஒப்பிட்டால் பொருந்துமோ? 404 தான் வரும். வினாக்குறிக்குப் பின்னுள்ளதை நீக்கி, ‘டிகோடுயுஆர்ஐகம்போனென்ட்’ என்னும் செயற்கூற்றால் ஒருமுறை மீட்டபின் ஒப்பிடுக, பொருந்தும். சிதைந்த முகவரி வரின் அச்செயற்கூறு பிழை எறியும். அதனைப் பிடித்து 400 என விடையிறுக்க.

விடையிலும் விழிப்பு வேண்டும். தலைப்புரையில் யு.டி.எப்.-8 என்று குறிக்காவிடின் எழுத்துச் சிதையலாம். நீளம் குறிப்பின் பைட்டால் அளக்க. ‘லெங்த்’ காட்டும் 4-ஐ எழுதினால் சொல் நடுவே அறுபடும். உண்மை அளவு 12.

தமிழ் முகவரியைப் படியெடுத்து ஒட்டினால் நீண்டு தோன்றும் என்பர். மெய்யே, ஆயினும் நீட்சி வேறு, இயலாமை வேறு!

மாணாக்கன் அவ்வொரு வரியைச் சேர்த்தான், ‘/நூல்’ திறந்தது. தமிழிளைஞர்காள்! பிறர் கட்டிய சட்டகங்களை அள்ளிக்கொள்ளுமுன் அடிப்படையை ஒருமுறை உங்கள் கையால் எழுதிப் பாருங்கள். அதன்பின் ‘தமிழால் இயலாது’ என்று எவரும் உங்களை ஏய்க்கவியலாது!