வாசல் திறந்தால் மட்டும் போதாது

வேலையை விடாமல், வீட்டிலிருந்தபடியே இணையத்தின் வழி பட்டம் பெறலாம் என்ற விளம்பரங்கள் இன்று தோட்டப்புறம் வரை வந்துவிட்டன. ஆபீஸ் கிராணிமார்களும், பால் வெட்டும் தோழர்களும், சேரலாமா வேண்டாமா என்று கிளைச் செயலாளர்களிடம் கேட்ட வண்ணம் இருக்கிறார்கள். இந்த ஆவலை நாம் மனமார வரவேற்கிறோம். அதே வேளையில், பணத்தைக் கட்டுமுன் சிந்திக்க வேண்டிய சில விஷயங்களை எடுத்துச் சொல்வது நமது கடமை எனக் கருதுகிறோம்.

நம் மக்களுக்கு மேற்கல்வி எட்டாமற் போனதற்கு அறிவுக் குறைவு காரணமன்று. தோட்டத் தமிழ்ப் பள்ளி ஆறாம் வகுப்போடு முடிந்தது. அதற்கப்பால் புகுமுக வகுப்பு, பட்டணத்துக்குப் பஸ், புதிய மொழியில் பாடம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகத் தடைகள். எஸ்.பி.எம். பரீட்சையைக் காணாமலே காண்டா வாளியைத் தூக்கப் போனவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு “இடமில்லை” என்பதே பல்கலைக் கழகங்களின் நெடுநாளைய பதிலாக இருந்து வந்தது.

அந்த நிலை மாறியிருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக் கழகம் 1971-ல் தொலைக் கல்வியைத் தொடங்கி வைத்தது. 2000-ல் 11 அரசாங்கப் பல்கலைக் கழகங்களின் கூட்டு முயற்சியால் மலேசியத் திறந்த பல்கலைக் கழகம் அமைந்தது. பினாங்கில் வவாசான் திறந்த பல்கலைக் கழகம் 2007-ல் தன் முதல் மாணவர்களைச் சேர்த்தது. இவற்றுக்கும் மேலாக, “ஏப்பல்” என்று சொல்லப்படும் அனுபவ அங்கீகார முறை இப்போது நடைமுறையில் இருக்கிறது. 19 வயதைத் தாண்டியவர் சான்றிதழ்ப் படிப்புக்கும், 20-ஐத் தாண்டியவர் டிப்ளோமாவுக்கும், 21-ஐத் தாண்டியவர் பட்டப் படிப்புக்கும், படிக்கப் போகும் துறைக்குப் பொருத்தமான வேலை அனுபவம் இருந்தால், எஸ்.பி.எம். சான்றிதழ் இல்லாமலே மனுச் செய்யலாம். திறனறி பரீட்சை ஒன்று எழுத வேண்டும். தாம் செய்த வேலையையும் கற்ற தொழிலையும் ஆதாரங்களோடு தொகுத்துக் கொடுக்க வேண்டும். இரண்டிலும் தேற வேண்டும்.

இங்கே கிராணித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவர் எத்தனை ஆண்டு உழைத்தார், எந்த வேலையில் நின்றார் என்பதற்குச் சாட்சி சொல்வது செக்ரோலும், சேமநிதிக் கணக்கும், துரை கையொப்பமிட்ட கடிதமுமே. அந்தக் காகிதங்களைத் திரட்டவும் ஒழுங்காக எழுதவும் தெரிந்தவர் கிராணி. வெட்டுக்காட்டுத் தோழர் ஒருவரின் மனுவுக்கு அரை மணி நேரம் உதவினால், அது ஒரு குடும்பத்துக்கே செய்த உதவியாகும்.

ஆனால், வாசலுக்குள் காலெடுத்து வைத்ததும் கல்வி முடிந்துவிடுவதில்லை. தொலைக் கல்வியில் சேருகிறவர்களில் பாதியிலே நிற்பவர்கள், வகுப்பில் உட்கார்ந்து படிப்பவர்களைவிட அதிகம் என்பது உலகெங்கும் கண்ட அனுபவம். அதிலும் முதல் தவணைகளிலேதான் பலர் நின்றுபோகிறார்கள். காரணத்தை நாம் வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், நண்பகலில் பால் நிறுத்து, வீடு வந்து சேருகிறவருக்கு இரவில் கண் சொக்குகிறது. ஒப்படைப்புக் கட்டுரை கேட்கும் வாரமும், கிராணி செக்ரோல் முடிக்கும் வாரமும் ஒன்றாக வந்து சேருகின்றன. ஜனவரித் தவணை நடக்கும்போது மரங்கள் இலையுதிர்த்துப் பால் குறைகிறது. கையில் காசில்லாத அந்த மாதத்திலேயே கட்டணமும் வருகிறது. பாடம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கிறது. புரியாத இடத்தில் கேட்பதற்குப் பக்கத்தில் ஆளில்லை. ஒரு கட்டுரை தவறுகிறது. பிறகு கணினியைத் திறக்கவே கூச்சம் வந்துவிடுகிறது. “நமக்கெல்லாம் படிப்பு ஏறாது” என்று அவரே முடிவு கட்டிவிடுகிறார். போனது பணம் மட்டுமன்று. தன்மேல் வைத்திருந்த நம்பிக்கையும் போய்விடுகிறது.

இதற்கு வழி இல்லாமலில்லை. 1963-ல் பிரிட்டிஷ் தொழிற் கட்சித் தலைவர் ஹரோல்ட் வில்சன் திறந்த பல்கலைக் கழகக் கருத்தை வெளியிட்டார். அதை நிறைவேற்றிக் காட்டியவர் ஸ்காட்லாந்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளான ஜென்னி லீ அம்மையார். 1969-ல் சாசனம் பெற்று, 1971-ல் பாடம் தொடங்கிய அப்பல்கலைக் கழகம், சேருகிறவரிடம் எந்தச் சான்றிதழையும் கேட்கவில்லை. கேட்காததோடு நின்றுவிடவும் இல்லை. ஊர்தோறும் படிப்பு நிலையங்களை வைத்தது. மாணவருக்குப் பாடமும் சொல்லி, கஷ்டத்தையும் கேட்டு ஆலோசனை கூறும் ஆசிரியர்களை நியமித்தது. தகுதி கேட்காமல் சேர்க்கிற பல்கலைக் கழகத்துக்கு, சேர்த்தவரைத் தாங்கிப் பிடிக்கும் பொறுப்பும் உண்டு என்பதை அது ஒப்புக்கொண்டது.

அந்தப் பொறுப்பைத்தான் நாமும் கேட்கிறோம். சேரும் நாளிலேயே, மாணவர் போன் செய்து பேசக்கூடிய ஆலோசகர் ஒருவரின் பெயரைப் பல்கலைக் கழகம் கொடுக்க வேண்டும். முதல் கட்டுரை தவறிய வாரத்திலேயே அவர் மாணவரை அழைத்து விசாரிக்க வேண்டும். பாடம் தொடங்குமுன் கட்டுரை எழுதவும், கணினியில் படிக்கவும் பயிற்சி தர வேண்டும். கட்டணத்தை மாதத் தவணையில் கட்ட வசதி வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் பரீட்சை நாளில் லீவு கொடுப்பதோடு, மண்டபத்தில் ஓர் அறையும் இணைய வசதியும் ஒதுக்கித் தர வேண்டும். இவை சலுகையல்ல. படித்த தொழிலாளியால் தோட்டத்துக்கும் நன்மையே.

தோழர்களுக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. ஆள் சேர்க்க வருகிறவரின் இனிய பேச்சை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. என்னும் கல்வித் தகுதி நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறதா? மொத்தச் செலவு எவ்வளவு? நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? ஒரு தவணை ஒத்தி வைக்கலாமா? நேரில் ஆசிரியரைப் பார்க்கும் நிலையம் எத்தனை மைலில் இருக்கிறது? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். டிப்ளோமாவுக்கும் அதற்கு மேற்பட்ட படிப்புக்கும் சேமநிதியில் ஒரு பகுதியை எடுக்க விதி இடமளிக்கிறது என்பது உண்மையே. ஆயினும் அது முதுமைக்கென வியர்வை சிந்திச் சேர்த்த பணம். பதில் கிடைக்காத இடத்தில் அதைக் கொட்ட வேண்டாம்.

தனியாகச் சேராதீர்கள் என்பதும் நமது யோசனை. ஒரு தோட்டத்தில் இருவர் மூவர் ஒன்றாகச் சேர்ந்தால், ஒருவர் சோரும்போது மற்றவர் தூக்கிவிடுவார். அடுத்த கிளைக் கூட்டத்தில் கல்விக் குழு ஒன்றை அமைத்து, படிக்க விரும்புகிறவர்களின் பெயர்களைப் பதிவு செய்யுமாறு எல்லாக் கிளைகளையும் கேட்டுக்கொள்கிறோம். சம்பள உயர்வு கேட்க ஒன்றுகூடத் தெரிந்த நமக்கு, படிப்பதற்கு ஒன்றுகூடவும் தெரியும்.