பிள்ளையிடம் கேட்டீர்களா?



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் போதும், எங்கள் சேலையூர்ப் பக்கம் தெருவே கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். "உங்க பையன் எவ்ளோ?", "எந்த குரூப் போடப் போறீங்க?" இந்த இரண்டு கேள்விதான் ஒரு வாரத்துக்கு. பொதுத்தேர்வில் மாநில அளவில் முதல் மூன்று இடம் என்று பட்டியல் போடுவதை அரசாங்கமே 2017-ல் நிறுத்திவிட்டது. எங்கள் தெருவில் மட்டும் இன்னும் நிறுத்தவில்லை!

இந்த ஆர்ப்பாட்டத்தில் ஒருவரை மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. பரீட்சை எழுதிய பிள்ளையைத்தான் சொல்கிறேன். நானும் கேட்கவில்லை. அதனால் என் மகனுக்கு ஒரு வருஷம் வீணாகப் போயிற்று. வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன். இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக் கூடாது.

நான் பத்தாவது வரை படித்தவள். கணவர் மெப்ஸில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரு மகன், ஒரு மகள். 2022-ல் மகன் பத்தாவது முடித்தான். நானூற்றுச் சொச்சம் மார்க். அன்று சாயந்திரமே என் மச்சாண்டார் போன் செய்தார். "ஏம்மா, ஃபர்ஸ்ட் குரூப் போட்டுடுங்க. மேத்ஸ், பயாலஜி ரெண்டும் இருந்தா இன்ஜினீயரும் ஆகலாம், டாக்டரும் ஆகலாம்" என்றார். கணவர் சரி என்றார். நானும் சரி என்றேன். இரண்டு நாளில் அவன் படித்த தனியார் பள்ளியிலேயே முதல் தவணைப் பணம் கட்டியாயிற்று. அதற்காக என் வளையல் இரண்டும் அடகுக் கடைக்குப் போயின.

ரிசல்ட் வந்த அன்று ராத்திரி சாப்பிடும்போது, "ம்மா, நான் காமர்ஸ் எடுக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டான். "அதெல்லாம் மார்க் வராத பசங்க எடுக்கிறது. நீ பேசாம சாப்பிடு" என்றேன். அந்த வார்த்தையை இன்று நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. அவன் ஏழாவது படிக்கும்போதிருந்தே தெருமுனை அண்ணாச்சி கடையில் போய் உட்கார்ந்துகொள்வான். கடன் நோட்டைக் கூட்டிச் சரிபார்த்துக் கொடுப்பான். வீட்டில் பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் அவன்தான். கண்ணெதிரே இருந்ததை நான் பார்க்கவில்லை.

காலாண்டுப் பரீட்சை முடிந்தது. "ரேங்க் கார்டு இன்னும் தரலம்மா" என்றே சொல்லி வந்தான். தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது அரிசி டிரம்முக்குப் பின்னால் அது கிடைத்தது. கணக்கில் 19, பிசிக்ஸில் 23. கீழே அவன் அப்பாவின் கையெழுத்து, அவனே போட்டது. கோபத்தில் கையை ஓங்கிவிட்டேன். அவன் நகரவே இல்லை. "அடிச்சுக்கோம்மா. எனக்கு ஒண்ணும் புரியல. கிளாஸ்ல உக்காந்திருக்கேன், அவ்ளோதான்" என்றான். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. என் கதைதான் ஞாபகம் வந்தது. பத்தாவதில் எங்கள் பள்ளியில் இரண்டாவதாக வந்தவள் நான். மேலே படித்து டீச்சர் டிரெய்னிங் போக ஆசை. "பொட்டப் புள்ளைக்கு இது போதும்" என்று முடித்துவிட்டார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்பா மாறியிருப்பாரோ மாட்டாரோ, ஆனால் கேட்டார்கள் என்ற நிம்மதியாவது இருந்திருக்கும். அதே தப்பை, நல்லது செய்வதாக நினைத்து, நானே என் பிள்ளைக்குச் செய்திருக்கிறேன்!

குரூப்பை மாற்றித் தரச் சொல்லி நானும் கணவரும் பள்ளிக்கு நடந்தோம். பாதி வருஷம் போய்விட்டது என்று மறுத்துவிட்டார்கள். கட்டிய பணமும் போனது போனதுதான். கடைசியில் அவனை நிறுத்தி, 2023 ஜூனில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் மறுபடியும் பிளஸ் ஒன் சேர்த்தோம், காமர்ஸ் குரூப்பில். "பையன் ஃபெயிலாமே?" என்று சொந்தத்தில் கேட்காத ஆளில்லை. பதில் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. 2025-ல் பிளஸ் டூ முடித்தான். இப்போது பி.காம். படிக்கிறான். அக்கவுண்ட்ஸ் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் பேசுகிறான். சாப்பிடும்போது பேச்சே இல்லாமல் இருந்த பிள்ளை அவன்.

"பதினஞ்சு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அது சொன்னபடி ஆட முடியுமா?" என்று சில சகோதரிகள் கேட்பீர்கள். நியாயம்தான். பிள்ளை சொன்னதையே செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. கேளுங்கள் என்கிறேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. அதுவும் ரிசல்ட் வந்த வாரத்தில் அல்ல, ஒன்பதாவது படிக்கும்போதே.

என் மகளிடம் அப்படித்தான் கேட்டேன். "பயாலஜி குரூப்" என்றாள். ஏன் என்றால், "என் ஃப்ரெண்ட் எடுக்கிறா" என்றாள். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்டேன். "தெரியலம்மா" என்றாள். மூன்றாவது தடவைதான் உண்மை வந்தது. என் மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு நர்ஸம்மா பார்த்துக்கொண்ட விதம் அவள் மனசில் நின்றிருக்கிறது. நர்ஸ் ஆக வேண்டுமாம். எங்களுக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் அக்காவிடம் கூட்டிக்கொண்டு போனேன். நைட் டியூட்டி, கால் வலி, பண்டிகை நாளில் லீவு கிடைக்காதது எல்லாவற்றையும் அந்த அக்கா மறைக்காமல் சொன்னார். வெளியே வந்ததும், "இப்ப என்ன சொல்றே?" என்றேன். "அப்பவும் எனக்கு அதுதான்மா" என்றாள்.

அவள் பள்ளி ஆசிரியையிடம் கேட்டோம். பி.எஸ்சி. நர்சிங் சேர பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி வேண்டும், கணக்கு கட்டாயமில்லை என்றார். "கணக்கை விட்டுட்டா இன்ஜினீயரிங் பக்கம் போக முடியாது, யோசிச்சுக்கோ" என்று மகளிடம் சொன்னேன். ஒரு வாரம் யோசித்துப் பதில் சொன்னாள், கணக்கு வேண்டாம் என்று. முடிவு அவளுடையதுதான், ஆனால் எல்லாம் தெரிந்து எடுத்த முடிவு. மகனுக்கு இந்த ஒரு வாரத்தை நான் கொடுக்கவில்லையே என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

"நாமோ படிக்காதவங்க, நமக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?" என்று ஒதுங்காதீர்கள். நான் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, விசாரித்ததை எல்லாம் எழுதி வைத்தேன். அதில் சிலவற்றைச் சொல்கிறேன்.

இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்குக் கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி வேண்டும். (தொழிற்கல்விப் பிரிவில் படித்தவர்களுக்குத் தனியாகக் கொஞ்சம் இடம் உண்டு.) கணக்குக்கு 100, மற்ற இரண்டுக்கும் ஐம்பது ஐம்பது, ஆக 200-க்குத்தான் கட்-ஆஃப். இதற்கு இருந்த நுழைவுத் தேர்வு 2007-லேயே போய்விட்டது. டாக்டர் படிப்போ அப்படியல்ல. 2017 முதல் நீட் எழுதித்தான் ஆக வேண்டும், பிளஸ் டூ மார்க் மட்டும் போதாது. ஐந்து வருஷ சட்டப் படிப்புக்கு எந்த குரூப் ஆனாலும் சரி. சி.ஏ.வுக்கும் அப்படியே. பத்தாவது முடித்ததுமே பாலிடெக்னிக் சேரலாம், மூன்று வருஷம். டிப்ளமோ வாங்கியபின் பி.இ.யில் நேரே இரண்டாம் வருஷம் சேர வழி இருக்கிறது. கைவேலையில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு ஐ.டி.ஐ. இருக்கிறது. "எங்கும் இடம் கிடைக்காதவன் போவது" என்று அதை ஏளனம் செய்யாதீர்கள். வீட்டில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் என்றால் நாம் யாரைத் தேடி ஓடுகிறோம்?

இன்னொன்று. ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு 2020-ல் மருத்துவத்தில் 7.5 சதவீத இடம் ஒதுக்கினார்கள். 2021-ல் இன்ஜினீயரிங், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அது வந்தது. 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், அப்படிப் படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். பிளஸ் ஒன்னுக்கு மட்டும் அரசுப் பள்ளிக்கு மாறினால் 7.5 சதவீதம் கிடைக்காது. என் மகனுக்கு அது இல்லை என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. ஐந்தாவது முடித்ததும் எந்தப் பள்ளி என்று முடிவு செய்யும் சகோதரிகள் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள், கடற்கரைக்கு மட்டுமே போக வேண்டுமா என்ன? 1937-ல் தாம்பரத்துக்கு வந்த கிறிஸ்தவக் கல்லூரி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குரோம்பேட்டையில் இருக்கும் எம்.ஐ.டி. 1949-ல் தொடங்கியது, அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த இடம். தினமும் மின்சார ரயிலில் அந்த ஸ்டேஷனைத் தாண்டிப் போகிறோம், ஒரு நாளாவது பிள்ளைக்குக் காட்டினோமா? தரமணியில் பாலிடெக்னிக், அச்சுத் தொழில்நுட்பம், ஜவுளித் தொழில்நுட்பம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. உள்ளே விடாவிட்டாலும் வாசலில் நின்று பார்த்தாலே பிள்ளைக்கு ஒரு எண்ணம் வரும்.

பிளஸ் ஒன் சேர்த்தபின்பும் நம் வேலை முடியவில்லை. முன்பெல்லாம் பல பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு, முதல் வருஷமே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பித்துவிடுவார்கள். அதைத் தடுக்கத்தான் 2018-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளுக்குப் பயம் குறைந்தது, நல்லதுதான். ஆனால் பழைய வழக்கம் திரும்பிவிடக் கூடாது. நீட்டில் இரண்டு வருஷப் பாடமும் கேட்கிறார்கள். கல்லூரிப் பாடத்துக்கும் பிளஸ் ஒன்தான் அஸ்திவாரம். எனவே மாதம் ஒரு முறை பிள்ளையின் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். பாடம் நமக்குப் புரியாவிட்டாலும், எந்த வகுப்புப் புத்தகம் நடக்கிறது என்பது புரியும் அல்லவா?

பண விஷயத்தையும் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். நான் வளையல் அடகு வைத்ததை மகனிடம் சொல்லவில்லை. அவனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. "நீங்க நகை வச்சு கட்டினீங்க, அதான் புரியலன்னு சொல்லப் பயமா இருந்துச்சு" என்று பின்னால் சொன்னான். இப்போது மகளிடம், வருஷத்துக்கு இவ்வளவுதான் நம்மால் முடியும் என்று ரூபாய்க் கணக்கே சொல்லிவிட்டோம். அவள் முகம் வாடவில்லை. "அப்ப கவர்ன்மென்ட் காலேஜுக்கு டிரை பண்றேன்" என்றாள். நாம் நினைப்பதைவிடப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்.

கடைசியாக, மார்க் குறைந்த வீட்டுத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஃபெயில் ஆனாலும் அடுத்த ஓரிரு மாதத்தில் துணைத் தேர்வு எழுதி அந்த வருஷமே மேலே சேரலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணில் படிப்பு பற்றிக் கேட்கலாம். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் பேசாமல் இருந்தால் மனநல ஆலோசனைக்கு 14416 இருக்கிறது. அதில் வெட்கம் வேண்டாம். என் மகன் பேசாமல் இருந்த அந்த நான்கு மாதத்தில் அவன் மனசில் என்னென்ன ஓடியதோ, நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது. ஒரு வருஷம் போனது பெரிதில்லை, பிள்ளை நம் கையில் இருக்கிறானே என்றுதான் தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன்.

மச்சாண்டார் போன மாதம் வந்திருந்தார். "பொண்ணுக்கு எந்த குரூப்மா போடப் போறீங்க?" என்று கேட்டார். "அவளையே கேளுங்க மாமா" என்றேன். அவரும் கேட்டார். அவள் பத்து நிமிஷம் விளக்கினாள். மனுஷர் காபி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்!

சகோதரிகளே, இன்று ராத்திரி சாப்பாடு போடும்போது உங்கள் பிள்ளையிடம் நீங்களும் கேட்டுப் பாருங்கள். முதல் தடவை "தெரியல" என்றுதான் சொல்லும். விடாதீர்கள், அடுத்த மாதம் மறுபடி கேளுங்கள்.

- ஓர் இல்லத்தரசி, சேலையூர், கிழக்குத் தாம்பரம்