மலையடிவாரத்துப் பிள்ளை மண்ணைப் படிக்கட்டும்!

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழையில திருவண்ணாமலை மலைச்சரிவு ஒரு வீட்டு மேல விழுந்துச்சு. 7 உயிர்கள் போச்சு. அதுல 5 பேர் குழந்தைங்க. அதே வருஷம் ஜூலையில வயநாடு. செத்தவங்கள்ல தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் அவங்க பிள்ளைகளும் இருந்தாங்க.

ஒரு கேள்வி. மலை சரிஞ்சா முதல்ல சாகிறது யார்? அடிவாரத்தைத் தவிர வேற இடம் கிடைக்காத ஏழை. சரி, எந்தச் சரிவை வெட்டலாம், எங்கே சாலை போடலாம், எங்கே வீடு கட்டக் கூடாது என்று முடிவெடுக்கும் மேசையில் அந்த வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்கா?

இதுதான் நம்ம பேச வேண்டிய சமூகநீதி.

மண்ணறிவு நமக்குப் புதுசு இல்லை. கரிசல், செம்மண், சரளை, சுக்கான் பாறை என்று தொட்டுப் பார்த்தே சொன்னவர்கள் நம் தாத்தா பாட்டிகள். கிணறு வெட்டினதும் நாம, கல் உடைச்சதும் நாம, சாலைக்கு ஜல்லி சுமந்ததும் நாம. வரைபடத்தில் கையெழுத்துப் போட்டது மட்டும் வேற யாரோ!

"பாறை, சுரங்கம், பாலம் எல்லாம் பொண்ணுங்களுக்கு எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு பேரைச் சொல்லுங்க. 18 வயசில் கைக்குழந்தை இருக்கும்போதே கணவரை இழந்து, பிறகு கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து 1943-ல் பட்டம் வாங்கியவர் அ. லலிதா. பிறகு பக்ரா நங்கல் திட்டத்திலும் அவர் உழைப்பு இருந்தது. ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் ரயில் பாலத்துக்கு, அந்த நொறுங்கிய இமயப் பாறையில் பிடிமானம் கொடுக்கும் வேலையில் 17 வருஷம் ஆலோசகராக இருந்தவர் பேராசிரியர் மாதவி லதா.

1952 சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடிச் சுரங்கத்துக்குள் வேலை செய்ய விடவில்லை. 2019-ல்தான் தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளுக்குப் பகல் நேரத்தில் அந்தக் கதவு திறந்தது. கதவு திறந்தா போதுமா? உள்ளே போக ஆள் வேணுமே!

வழி என்ன? பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர்கள் பி.எஸ்சி. நிலவியல், அதாவது ஜியாலஜி சேரலாம். சென்னை மாநிலக் கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் இருக்கு. முதுகலை முடித்தால் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு. 1851-ல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிலும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலும் வேலை. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ. சேரலாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5% உள் ஒதுக்கீடு இருக்கு. அவங்க கட்டணத்தை அரசே ஏற்கிறது.

ஆனா நிலவியல் என்றால் களப்பயணம் கட்டாயம். பஸ் செலவு, தங்கும் இடம், கழிப்பறை... இதை நினைத்தே பல வீடுகளில் பொண்ணை அனுப்பத் தயங்குறாங்க. களப்பயணச் செலவை அரசு ஏற்க வேண்டும். மாணவிகளுக்குப் பாதுகாப்பான தங்குமிடம் வேண்டும். ஒவ்வொரு மலை மாவட்ட நிர்வாகத்திலும் ஒரு நிலவியலாளர் நிரந்தரமாக இருக்க வேண்டும். இது நம் கோரிக்கை.

கிளைத் தோழர்களே, உங்களுக்கும் ஒரு வேலை. உங்க தெருவில் பிளஸ் டூ முடித்த பிள்ளை எத்தனை பேர்? குவாரி தொழிலாளி வீட்டுப் பொண்ணு, தோட்டத் தொழிலாளி பையன், பழங்குடி கிராமத்து மாணவி... இந்த வாரமே போய் உட்கார்ந்து பேசுங்க. விண்ணப்பம் போட உதவுங்க.

மலை நகரும் முன்னே அதைக் கண்டுபிடிக்கப் போறது அந்தப் பிள்ளையாக இருக்கலாம்.

மண்ணைச் சுமந்தோம். இனி மண்ணைப் படிப்போம்!

#மண்ணைப்படிப்போம் #அனைவருக்கும்நிலவியல்