எண்ணப்படாத ஆண்டுகள்

திருப்பாச்சூர் டீக்கடையிலும் சரி, கும்மிடிப்பூண்டி சிப்காட் வாசலிலும் சரி, முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: “முப்பது வருஷத்துக்கு மேல இங்கேயே இருக்காங்க, இன்னுமா சிட்டிசன் ஆகல? எழுதிப் போட்டா குடுக்க மாட்டாங்களா?”

அக்கறையோடு கேட்பதுபோல் தோன்றும் இந்தக் கேள்விக்குள் இரண்டு பொய்கள் இருக்கின்றன. ஆண்டுகள் கூடினால் தகுதி தானாக வந்துவிடும் என்பது ஒன்று. வராதவர்கள் விண்ணப்பிக்காமல் சும்மா இருந்துவிட்டார்கள் என்பது இன்னொன்று.

முதல் பொய் வெளிநாட்டுக் கதைகளைக் கேட்டு வந்தது. கனடாவில் நிரந்தரவாசம் பெற்றவர், ஐந்து ஆண்டுகளுக்குள் 1,095 நாட்கள் அங்கே வசித்திருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1983இல் சிறுவனாகக் கனடா போய்ச் சேர்ந்த கரி ஆனந்தசங்கரி 2015இல் அங்கே நாடாளுமன்ற உறுப்பினரானார். 2025இல் பொதுப் பாதுகாப்பு அமைச்சரும் ஆனார். அதே ஆண்டு இலங்கையில் வெடித்த கலவரத்துக்குத் தப்பி ராமேஸ்வரம் கரையில் இறங்கியவருக்கோ இங்கே பஞ்சாயத்துத் தேர்தலில் ஓட்டுப் போடக்கூட வழியில்லை.

இந்தியச் சட்டத்திலும் வருஷக் கணக்கு உண்டு. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, இந்திய வம்சாவளியினர் 7 ஆண்டுகள் வசித்திருந்தால் பதிவு மூலம் கேட்கலாம். மற்ற வெளிநாட்டவர் விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்கள் தொடர்ந்தும், அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் மொத்தம் 11 ஆண்டுகளும் இங்கே இருந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு வழிக்கும் ஒரே தடை: விண்ணப்பிப்பவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது. 2003இல் திருத்தப்பட்டு 2004 டிசம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், பாஸ்போர்ட் போன்ற செல்லத்தக்க பயண ஆவணம் இல்லாமல் நுழைந்தவர்களை அப்படித்தான் வகைப்படுத்துகிறது. குண்டுவீச்சுக்குப் பயந்து இரவோடிரவாகப் படகேறியவர் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டா வந்திருப்பார்?

மண்டபம் முகாமில் அவர்கள் பெயரைப் பதிந்து, அடையாள அட்டையும் பணக்கொடையும் கொடுத்து, கும்மிடிப்பூண்டிக்கும் புழலுக்கும் அனுப்பி வைத்தது அரசுதான். முகாமில் தலையெண்ணிக் கணக்கெடுப்பதும் அரசுதான். அதே அரசின் சட்டத்தில் அவர்கள் இங்கே வாழ்ந்த ஒரு நாள்கூடக் கணக்கில் ஏறவில்லை.

“பிள்ளைங்க இங்கதானே பொறந்துச்சு?” என்பது அடுத்த கேள்வி. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும் குடியுரிமை உண்டு. 1986 ஏப்ரலில் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தப் பிரிவின்படி பாஸ்போர்ட் தரச் சொல்லி 2022இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாக வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு அதுவும் போதாது. ஒருவர் இந்தியர், மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்றால் கிடையாது. முகாம் பெண்ணை மணந்த திருவள்ளூர் இளைஞரின் குழந்தைக்கும் இதே கதிதான்.

ஆதார் இருக்கிறதே என்பார்கள். விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதங்களில் 182 நாட்கள் இங்கே வசித்த யாருக்கும் ஆதார் உண்டு. அது குடியுரிமைக்குச் சான்றாகாது என்று ஆதார் சட்டமே சொல்கிறது.

இரண்டாவது பொய்யை உடைக்க நீதிமன்றப் பதிவுகளே போதும். திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 பேர் குடியுரிமை கேட்டுத் தொடுத்த வழக்கில் 2019 ஜூனில் தீர்ப்பு வந்தது. அவர்கள் இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போன மலையகத் தமிழரின் வழிவந்தவர்கள். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 மலையகத் தமிழரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டிருந்தது. புதிதாக விண்ணப்பம் பெற்று, மத்திய அரசு 16 வாரங்களில் முடிவெடுக்க வேண்டும் என்றார் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன். கேட்கவில்லை என்ற குற்றச்சாட்டை இவர்கள் மீது எப்படிச் சுமத்துவது?

சட்டம் என்றால் சட்டம்தானே என்று முடித்துக்கொள்வதும் எளிது. ஆனால் 2019இல் நாடாளுமன்றம் இதே சட்டத்தை வளைத்தது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வங்கதேசத்திலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு மதத்தினரை ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற வரையறையிலிருந்து விலக்கியது; 11 ஆண்டு நிபந்தனையை 5 ஆகக் குறைத்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு போட்ட ஆணை, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழருக்கு ஆவணமில்லாமல் நுழைந்ததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. குடியுரிமை தரவில்லை.

தாயகம் திரும்ப விரும்புபவர்கள் திரும்பட்டும். அதற்கும் உதவ வேண்டும். ஆனால் அந்த விருப்பத்தைக் காட்டி, இங்கேயே பிறந்து வளர்ந்து, பெயின்ட் வேலைக்கும் சிப்காட் வேலைக்கும் போகிறவர்களின் கோரிக்கையைத் தள்ளிப்போடுவது நியாயமாகாது. கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் மக்களவைத் தொகுதிக்குள் இருக்கிறது. அங்கே ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளர்கள் முகாமுக்கு வீடும் சாலையும் தருவதாகச் சொல்வார்கள், தரட்டும். பதிவுபெற்ற இலங்கைத் தமிழரை, மதம் பாராமல், ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற வரையறையிலிருந்து விலக்கும் திருத்தத்துக்கு நாடாளுமன்றத்தில் குரல் கொடுப்பார்களா என்பதையும் ஓட்டுரிமை உள்ளவர்கள்தான் அவர்களிடம் கேட்டாக வேண்டும்.