டிசோனன்ட் சரி, எதோட?



போன எபிசோடில் "அம்மம்மாவின்ர குரல் கொஞ்சம் டிசோனன்ட்" என்று சொல்லிவிட்டேன். அதை வாபஸ் வாங்கத்தான் இந்த வாரக் கடிதம்.

நடந்தது இதுதான். அம்மம்மா பாடின தேவாரம் ஒன்றைப் பதிவு செய்தேன். தம்புரா ஆப் அவருடைய இயர்போனில் மட்டும், குரல் தனி ஃபைலில். கொஞ்சம் கிளீன் பண்ணுவம் என்று பிட்ச் கரெக்ஷன் மென்பொருளில் போட்டால் திரை முழுக்கச் சிவப்பு. கமகம் வந்த இடமெல்லாம் பிழையாம். நானும் நம்பி, எல்லாவற்றையும் ஒரே அமத்தில் திருத்தி, தம்புராவையும் சேர்த்துப் போட்டுக் காட்டினேன்.

"உது ஆரின்ர குரல் பிள்ளை?" என்று கேட்டார். கொஞ்சம் பொறுத்து, "நான் சுருதி பிசகிட்டனோ?"

இரண்டாவது கேள்விதான் எனக்குக் குத்தினது. எழுபது வருசமாகப் பாடுகிற மனுசிக்கு என் லேப்டாப் சந்தேகத்தைக் கொடுத்துவிட்டது.

டிசோனன்ட் என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு 'விலகி ஒலிப்பது' என்று பொருள். விலக இரண்டு பேர் வேணும். ஒற்றைச் சுரம் தன்பாட்டில் டிசோனன்ட் ஆக முடியாது. இன்னொன்றோடு வைத்துத்தான் அப்படிச் சொல்லலாம். நாங்கள் அந்த 'எதோட' என்பதை விழுங்கிவிட்டு, சொல்லை ஒரு ஆளின் தலையில் கட்டிவிடுகிறோம்.

அம்மம்மா யாரோடு பாடினார்? தம்புராவோடு. மென்பொருள் அவரை எதோடு ஒப்பிட்டது? ஒரு ஸ்தாயியை 12 சம துண்டாக வெட்டின கீபோர்ட் கட்டத்தோடு. கணக்கு லேசாக இருக்க ஸ-வை 200 ஹெர்ட்ஸ் என்றும், கட்டமும் அங்கேயே தொடங்குகிறது என்றும் வையுங்கோ. தம்புராக் கம்பியின் ஐந்தாவது ஹார்மோனிக் 1000. அதோடு இழையும் அந்தர காந்தாரம் 250, ஏனென்றால் அதன் நாலாவது ஹார்மோனிக்கும் 1000. நல்ல தம்புராவில் அந்தக் காந்தாரம் யாரும் பாடாமலே கேட்கும். கீபோர்ட் கட்டமோ 252 என்கிறது. அதன் நாலாவது ஹார்மோனிக் கிட்டத்தட்ட 1008. ஆயிரமும் ஆயிரத்தெட்டும் ஒன்றாக ஒலித்தால் நொடிக்கு எட்டுத் தடவை ஒலி ஏறி இறங்கி நடுங்கும். காது உணரும் கரகரப்புக்கு இந்த நடுக்கம்தான் காரணம் என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இலேயே எழுதிவிட்டார்.

அதாவது, சேர்ந்திருந்ததை நான்தான் டிசோனன்ட் ஆக்கினேன்! திருத்தம் என்ற பெயரில்.

தமிழில் இதற்கு 'அபஸ்வரம்' என்று போடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அபஸ்வரம் என்றால் பிழை. டிசோனன்ட் பிழை இல்லை. மேற்கத்திய இசையில் வேண்டுமென்றே வைத்து, பிறகு அவிழ்ப்பார்கள். எனக்குப் பிடித்த சொல் 'முரண்'. தொல்காப்பியத்தில் மோனை, எதுகையோடு முரணும் ஒரு தொடை. சொல்லோ பொருளோ ஒன்றுக்கொன்று எதிராக நிற்பதை அங்கே செய்யுளின் அழகாக எண்ணியிருக்கிறார்கள்.

கருத்துக்கும் இதே கதைதான். 1957-இல் ஃபெஸ்டிங்கர் 'காக்னிடிவ் டிசோனன்ஸ்' என்று எழுதியது, ஒரே தலைக்குள் ஒத்துவராத இரண்டு எண்ணங்கள் இருந்தால் வரும் உறுத்தலைப் பற்றி. ஒற்றை எண்ணத்தைப் பற்றி இல்லை. ஆனால் எங்கட ஆக்கள் "வீட்டில ஒண்டு, வேலையில ஒண்டு, என்ர லைஃபே டிசோனன்ட்" என்று சொல்லும்போது யாருடைய கட்டத்தை வைத்து அளக்கிறார்கள்? பெரும்பாலும் ஏதோ ஒரு டீஃபால்ட் செட்டிங். அதை யார் தெரிவு செய்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

இதற்காக எல்லாமே சரி என்று சொல்லவில்லை. தம்புராவை விட்டு நழுவினால் அது நழுவல்தான். அம்மம்மாவே இரண்டு இடத்தில் நிறுத்தி, "இல்லை, திருப்பிப் பாடுறன்" என்றார். மென்பொருள் காட்டின சிவப்பு அந்த இரண்டு இடமும் இல்லை, அதுதான் பகிடி.

கை வைக்காத பதிவை இந்த வார எபிசோடின் கடைசியில் போட்டிருக்கிறேன், தம்புராவோடு. ஹெட்ஃபோனில் கேளுங்கோ. நடுவில் ஒரு இருமல் வரும். அதையும் வெட்டவில்லை.