கண்ணே சான்று

விண்வெளி ஆராய்ச்சி என்றவுடன், தீப்பிழம்பைக் கக்கிக்கொண்டு மேலெழும் ஏவுகலமே இக்காலத்து மாணாக்கர் மனக்கண்முன் தோன்றும். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான்-3 நிலவின் தென்முனைக்கு அணித்தாக இறங்கியபோது நாடெங்கும் எழுந்த மகிழ்ச்சி மிகத் தக்கதே. ஆயினும் செல்லுதல் வேறு; காணுதல் வேறு. மனிதன் கால் பதித்த விண்பொருள் நிலவு ஒன்றே. 1977இல் புறப்பட்ட வாயேஜர் கலங்கள் இரண்டும் ஞாயிற்றுக் காற்று எட்டும் எல்லையைக் கடந்து விட்டன. எனினும் மற்றொரு விண்மீனை அணுக அவற்றிற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் வேண்டும். விண்ணைப் பற்றி மனிதன் அறிந்தவற்றுள் பெரும்பகுதி, இருந்த இடத்திலிருந்தே, வந்து சேரும் ஒளியைக் கொண்டு அறிந்ததாகும். காண்போர்க்கு உரிய பெருமை செல்வோர்க்கே முழுதும் போய்விடுதல் முறையன்று.

பழந்தமிழர் விண்மீன்களை நாண்மீன், கோண்மீன் என இரு வகைப்படுத்தினர். ஒன்றற்கொன்று இடம் மாறாது நிற்பவை எவை, அவற்றினிடையே ஊர்ந்து செல்பவை எவை என்பதை ஓர் இரவில் அறிதல் இயலாது. பல்லிரவு கண்விழித்தோர் ஈட்டிய செல்வம் அவ்விரு சொற்கள். ஆனால், முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர், இனி அறிதற்கு ஒன்றுமில்லை என்று சிலர் மார்தட்டுகின்றனரே, அது முன்னோர்க்குச் செய்யும் சிறப்பு ஆகாது. அவர்கள் வானத்தை நோக்கினார்கள். இவர்களோ ஏட்டை மட்டுமே நோக்குகிறார்கள்.

இவ்வேறுபாட்டை உணர்த்தவல்லவர் சிந்தாமணி இரகுநாதாசாரியார். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் நிறுவிய வானாராய்ச்சி நிலையத்தில் அவர் நெடுங்காலம் பணியாற்றி முதல் உதவியாளர் ஆனார். 1867இல், தென்வானத்து ரெட்டிக்குலம் என்னும் தொகுதியிலுள்ள ஒரு மீனின் ஒளி ஒரு காலத்து மிகுந்தும் ஒரு காலத்துக் குறைந்தும் வருதலைக் கண்டறிந்தார். ஒருமுறை நோக்கியவருக்கு அது வெறும் மீன். மீண்டும் மீண்டும் நோக்கியவருக்கே அது மாறும் மீன். 1872இல் இலண்டன் அரச வானியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

அவர் செய்த மற்றொரு பணி இதனினும் துணிவு மிக்கது. பழைய வாய்பாடுகளைக் கொண்டு பஞ்சாங்கம் கணித்தோர் குறித்த வேளைக்கும், வானத்தில் கோள்கள் உண்மையாக நிற்கும் நிலைக்கும் வேறுபாடு நேர்ந்திருந்தது. வானம் ஏட்டிற்கு இணங்காதபோது ஏட்டையே திருத்தவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அம்முறையே திருக்கணிதம். அச்சொல்லின் முதற்பகுதியைச் செல்வத்தைக் குறிக்கும் திரு என்று பலர் கருதுவர். அஃது அன்று, பார்வையைக் குறிக்கும் ‘திருக்கு’ என்னும் வடசொல்லின் வழிவந்தது அது. கண்ணாற் கண்டு சரிபார்த்த கணக்கு என்பதே பொருள். மரபில் வந்த நூலைத் திருத்துவோர் மரபின் பகைவர் ஆகார். அந்நூலை முதலில் எழுதியவரும் வானத்தைப் பார்த்துத்தானே எழுதியிருப்பார்!

கருவிகள் கண்ணுக்கு வலிமை கூட்டின. கலிலியோ 1610இல் தம் தொலைநோக்கியை வியாழன்மீது திருப்பி, அதன் அருகே சிறு ஒளிப்புள்ளிகளைக் கண்டார். அடுத்தடுத்த இரவுகளில் அவை இடம் மாறியதைக் குறித்து வந்தமையால், வியாழனைச் சுற்றிவரும் நான்கு நிலவுகள் அவை எனத் தெளிந்தார். பின்னர், ஒளியைப் பிரித்து நிறமாலையாக்கி, தொலைவிலுள்ள பொருள் எதனால் ஆயது என்று அறியும் வழியும் பிறந்தது. 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் நிகழ்ந்த முழு ஞாயிற்று மறைப்பைப் பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் குண்டூரில் இருந்து ஆராய்ந்தார். அவ்வாண்டின் ஆராய்ச்சிகளில் தென்பட்ட ஒரு மஞ்சள் வரியே ஈலியம் என்னும் தனிமத்திற்குச் சான்றாயிற்று. பூவுலகில் அத்தனிமம் பிரித்தறியப்பட்டது 1895இல்தான்.

புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியையும் ஊடுகதிர்களையும் காற்று மண்டலம் தடுத்து விடுகிறது. வானொலி அலைகளோ பெரும்பாலும் தடையின்றி வருகின்றன. ஆதலின் சில தொலைநோக்கிகள் நிலத்தில் நிற்க, சில மேலே செல்கின்றன. 1990இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியும், 2021இல் ஏவப்பட்டு ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியும் அவ்வாறு சென்றவை. அங்கும் நடைபெறுவது நோக்குதலே.

நிலத்தில் நோக்குவோர்க்கு இருள் வேண்டும். இருளை நாடியே ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் ஆய்வுநிலையம் அமைந்தது, 2.34 மீட்டர் விட்டமுள்ள அதன் பெரிய தொலைநோக்கி 1986 முதல் பணியாற்றுகிறது. நகரங்களிலோ, வீதிவிளக்குகள் தெருவை விட்டு வானத்தை விளக்குகின்றன. பால்வீதியைக் காணாமலே ஒரு பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்துவிடுகிறான். விளக்கிற்கு மேலே ஒரு மூடி இட்டால் ஒளி கீழே விழும், செலவும் குறையும். இதனைக்கூடச் செய்யாத ஊர், ஏவுகலம் எழும்போது மட்டும் கைதட்டுவதில் பொருளில்லை.

நுங்கம்பாக்க நிலையத்தின் பணி பின்னர்க் கொடைக்கானல் மலைக்கு மாறிற்று. அங்கே 1904 முதல், வானம் தெளிந்த நாள்தோறும் ஞாயிற்றைப் படம் எடுத்து வருகின்றனர். அப்படங்களை எடுத்த பலரின் பெயர்களை எவரும் அறியார். ஞாயிற்றின் கரும்புள்ளிகள் மிகுவதும் குறைவதும் பற்றி இன்று ஆராய்வோர் அந்தப் பழைய கண்ணாடித் தகடுகளையே எடுத்துப் பார்க்கின்றனர்.