ஏனாத்தூருக்கு ஒரே வண்டியில் வரட்டும்

காஞ்சிபுரம் சேலைக்கான பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும், ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. இந்த நெடுந்தூரச் சரக்கை ரயிலுக்கு மாற்றுவது பற்றி அரசுகள் பேசுகின்றன. தேசிய ரயில் திட்டம் 2030-க்குள் சரக்குப் போக்குவரத்தில் 45 சதவீதத்தை ரயிலுக்குக் கொண்டுவர விரும்புகிறது. அருகிலுள்ள வாலாஜாபாத் நிலையத்திலிருந்து கார்களே ரயிலேறிப் போகின்றன. நல்லது, வரவேற்கிறோம்.

ஆனால் கடைசிச் சில கிலோமீட்டர்களை யார் கவனிக்கிறார்கள்? காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரின் பல்கலைக்கழக வளாகத்துக்கும் அதைச் சுற்றியுள்ள வீடுகளுக்கும் ஒவ்வொரு கூரியர் நிறுவனமும் தனித்தனி வண்டி அனுப்புகிறது. பாதி காலியாக வந்து, முழுக்கக் காலியாகத் திரும்பும் வண்டிகள் அவை. அதே சாலையில்தான் சுற்றுவட்டார நெசவாளர் பாவும் ஊடையும் வாங்க நகருக்குப் போகிறார். நெய்த சேலையைக் கொடுக்க மறுபடியும் போகிறார். அந்த நாளின் தறி வேலை, அதாவது கூலி, போய்விடுகிறது.

மின்வண்டிக்கு மாறினால் மட்டும் போதாது. பாதி காலியான மின்வண்டியும் காஞ்சிபுரத்தின் காந்தி சாலையை அடைக்கத்தான் செய்யும். நகர எல்லையில் மாநகராட்சி ஒரு பொதுப் பார்சல் நிலையம் அமைக்கட்டும். எல்லா நிறுவனங்களின் பொருளும் அங்கே சேர்ந்து, தெருவாரியாகப் பிரிந்து, மூன்று சக்கர மின்வண்டிகளில் கிளம்பட்டும். அவையே நூலைத் தறிவீட்டில் இறக்கி, சேலையை ஏற்றி வரட்டும். பட்டு விலையுயர்ந்த சரக்கு. காப்பீடும் ரசீதும் இல்லாமல் நெசவாளர் அதை யாரிடமும் ஒப்படைக்க மாட்டார். அந்தப் பொறுப்பைக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்க வேண்டும். வண்டி வாடகையை நெசவுக் கூலியில் பிடிக்கக் கூடாது.